பா வாவின் அம்மா சாகாத கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கற்பனையில் உதித்ததல்ல. சரவணம்பட்டி சிக்னலில், எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பேருந்தும் பின்னால் ஒரு தண்ணீர் லாரியும் நிற்க, ஸ்கூட்டரில் வெந்துகொண்டிருந்தபோது கைப்பேசிக்கு வந்தது. குரல் செய்தி. அனுப்பியவள் ஜெனிதா. கோவையில் கல்லூரி படித்த காலம் முழுக்க என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், சூலூர்க்காரி. அப்போது தாய்லாந்தின் எல்லையோரம் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். அந்தப் பள்ளிக்குப் பின்னால் மோய் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பர்மா. பர்மாவில் சண்டை.

சண்டைக்குப் பக்கத்திலிருந்து செய்தி வந்தால் பயம் வரும் அல்லவா? பயந்துகொண்டுதான் திறந்தேன். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் ஒரே மூச்சில் கத்தினார்கள்:

"ஏனுங் ஹாரிகாக்கா! சாப்டாச்சுங்களா?"

ஹாரிகா நான்தான். தமிழ்நாட்டை வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாத பிள்ளைகள் அவர்கள். கரென் இனத்துப் பிள்ளைகள். ஆனால் அந்த ‘ஏனுங்’ இருக்கிறதே, அது அச்சு அசல் சூலூர் பஸ் ஸ்டாண்டு ‘ஏனுங்’. பச்சை விளக்கு விழுந்தும் நான் நகரவில்லை. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க அம்மணி, வண்டிய எடுக்கறீங்களா, இல்ல நாங்க எறங்கி வந்து தள்ளட்டுங்களா?" என்று மரியாதையாகத் திட்டினார்.

சிரித்து முடித்ததும், ‘இதில் கதை இருக்கிறதே’ என்று நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு நோய்.

2

முதல் தொடக்கம் இது:

‘அக்கரையில் புகை எழுந்தது. இக்கரையில் ஜெனிதா தன் கழுத்துச் சிலுவையை இறுகப் பற்றியபடி—’

இதைத் தட்டச்சு செய்து அவளுக்கே அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "நான் எப்படி சிலுவை போட்டேன்? வெயிலுக்கு கழுத்துல வேர்க்குரு வரும்டி. கம்மலே பாதி நாள் போடறதில்ல."

இரண்டாவது தொடக்கம்:

‘ஆண்டவர் அவளை அழைத்தார்.’

"ஆண்டவர் கூப்பிட்டாருன்னு எழுதாத. பாஸ்டர் ஐயாதான் கூப்பிட்டாரு. அதுவும் ஆராதனை முடிஞ்சு நான் வெளிய செருப்பத் தேடிட்டு இருக்கறப்ப."

செருப்பிலிருந்து தொடங்கலாமா என்று யோசித்தேன். [வேண்டாம். எல்லோரும் செருப்பிலிருந்தோ மழையிலிருந்தோதான் தொடங்குகிறார்கள்.] ஆனால் வாசகரே, நடந்தது என்னவோ செருப்படியில்தான். ஆகவே தொடங்குகிறேன், நடந்தபடியே.

3

ஜெனிதாவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். சூலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அமிர்தராஜ் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசியே பழகியதால், ரகசியம் சொன்னாலும் பக்கத்து ஊட்டுக்கு நியூஸ் போய்விடும் என்று அவர் மனைவி சூசைமேரி சொல்வார். சூசைமேரி கத்தோலிக்க வீட்டில் பிறந்து சி.எஸ்.ஐ. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். மாதாவையும் விடவில்லை, மாமியார் வீட்டுக் கோயிலையும் விடவில்லை. ஜெனிதா ஒரே மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெனிதா ஒற்றைச் செருப்போடு நின்றபோது, பாஸ்டர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏம்மா ஜெனி, தாய்லாந்து எல்லைல நம்ம மிஷன் ஆதரிக்கற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது. அகதிப் பிள்ளைக படிக்கற எடம். கணக்கு டீச்சர் கேட்டு ஒரு வருசமா எழுதறாங்க. யாருமே கெடைக்கல."

"அங்க சண்டை நடக்குதுங்களே ஐயா?"

"அது ஆத்துக்கு அந்தப் பக்கந்தாம்மா."

அந்தப் பதிலை நினைத்து நினைத்து அவள் வீடு வரைக்கும் சிரித்தாளாம். போனதற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். சொன்னாள்: "பத்து வருசமா எல்லாரும் என்கிட்ட மார்க்குத்தான்டி கேட்டாங்க. என்னையே வேணும்னு அன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டாரு. சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல ‘ஊழியத்துக்கு யாரு போவீங்க’ன்னு கேட்டப்ப ‘நான் போறேன்’னு கை தூக்கினவதான நானும். தூக்குன கைய எப்ப எறக்கினேன்னே தெரியல."

(இந்த வரியை நான் மெருகேற்றவில்லை. அவள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன்.)

வீட்டில் புயல். "கணக்கு சொல்லிக் குடுக்க சூலூர்ல புள்ளைங்களே இல்லாமப் போயிருச்சா? குண்டு உழுகற ஊருக்குத்தான் போகோணுமா?" என்றார் சூசைமேரி.

அமிர்தராஜ் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "பக்கந்தான் மேரி. டில்லி போற தூரந்தான். போயிட்டு வரட்டும் உடு" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். தெருவே திரும்பிப் பார்த்தது.

சூசைமேரி இரண்டு வாரம் மகளோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் பருப்புப் பொடி இடித்தார், ஊறுகாய் போட்டார், பெட்டியில் துணிக்கு இடமில்லாமல் அடைத்தார். ஏர்போர்ட்டுக்கு வரவே மாட்டேன் என்றவர், கிளம்பும் நாளன்று எல்லோருக்கும் முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

4

பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெனிதா கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை. மூங்கில் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு சின்ன தேவாலயம், சுற்றிலும் மக்காச்சோளக் காடு. தலைமையாசிரியை ரெபேக்கா, கரென் பெண். ஜெனிதாவைவிட இரண்டொரு வயது மூத்தவர். வாயில் எப்போதும் வெற்றிலை. சிரித்தால் முழுச் சிவப்பு.

*ரெபேக்கா பேசியது உடைந்த ஆங்கிலம். அதை நான் கொங்குத் தமிழில் போட்டுப் பார்த்தேன், ஜெனிதா வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆகவே அவர் இந்தக் கதையில் அச்சுத் தமிழ்தான் பேசுவார்.

*கரென் மொழியில் டீச்சரம்மாவுக்கு ‘தராமு’ என்று பெயர். ஜெனிதா ‘தராமு ஜெனி’ ஆனாள்.

போன முதல் வாரம். பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு சத்தம்.

இங்கே நீங்கள் சூலூரைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானப்படைத் தளத்து ஊர் அது. போர் விமானம் தலைக்கு மேல் போனால் பாடம் நிற்கும், சாம்பார் கிண்டுகிற கை நிற்கும், சின்னப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்து கை ஆட்டும். ஜெனிதாவும் அப்படிக் கை ஆட்டி வளர்ந்தவள்தான். சத்தத்தை வைத்தே ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவாள். சத்தம் கேட்டதும் அவள் கால் தானாகச் சன்னலுக்குப் போயிற்று. கழுத்தை வளைத்து மேலே தேடினாள்.

"அதோ பாருங்க!" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

வகுப்பில் ஒருவரும் இல்லை.

பெஞ்சுகள் அப்படியே இருந்தன. ஒரு பென்சில் மட்டும் மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. இத்தனை பிள்ளைகள் ஒரு சத்தமும் இல்லாமல் எப்படி மறைந்தார்கள் என்று புரியாமல், சாக்பீசோடு நின்றாள். ரெபேக்கா ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்குப் பின்னால் பெரிய சிமென்ட் குழாய்கள், நம் ஊரில் சாக்கடைக்குப் புதைப்பார்களே, அந்த அளவில். மேலே மணல் மூட்டைகள். உள்ளே பிள்ளைகள், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து, வாயைத் திறக்காமல்.

"இது ஆற்றுக்கு அந்தப் பக்கம் குண்டு போடுகிற விமானம்தான்" என்றார் ரெபேக்கா மூச்சு வாங்க. "ஆனால் விமானத்துக்கு எல்லைக் கோடு தெரியாது."

ஜெனிதாவுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். அவள் வாழ்நாளெல்லாம் வேடிக்கை பார்த்த ஒன்றைக் கேட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை ஒன்றுக்குப் பற்கள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளைதான் பா வா.

*கரென் மொழியில் ‘வெள்ளைப் பூ’. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். எங்களுக்கு ‘பாவா’ என்றால் அத்தை மகன். இந்தப் பெயரைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் என் அத்தை மகன் மீசையோடு கண் முன்னால் வந்து நிற்கிறான். தயவுசெய்து நீங்கள் வெள்ளைப் பூவையே நினைத்துக்கொள்ளுங்கள்.

5

குழாய்க்குள் என்ன செய்வது? ஜெபம் செய்தார்கள். ஜெபம் முடிந்தும் விமானம் போகவில்லை. கணக்கு டீச்சருக்குத் தெரிந்ததைத்தான் அவள் செய்தாள். வாய்ப்பாடு சொன்னாள், தமிழில். ஆங்கிலம் அந்த நேரத்தில் அவளுக்கு வரவில்லை.

"ஓரெண்டு ரெண்டுங்க. ஈரெண்டு நாலுங்க."

குழாய் அந்தக் குரலை வாங்கி, உருட்டி, கோயில் மணி போல் திருப்பிக் கொடுத்தது. ஒரு பிள்ளை சிரித்தது. இன்னொன்று, "நாலுங்க" என்றது. எதிரொலி வந்தது. பிறகு எல்லாருமே "நாலுங்க! ஆறுங்க! எட்டுங்க!" சத்தத்தில் குழாய் அதிர்ந்தது. விமானம் எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

அந்த ‘ங்க’ என்ன என்று பா வா பிற்பாடு கேட்டாள். மரியாதைக்குச் சேர்ப்பது என்றாள் ஜெனிதா. "ஓ, தாய்லாந்து மொழியில் ‘கா’ சேர்ப்பதைப் போல!" என்றாள் பா வா. தாய்லாந்தில் பெண்கள் மரியாதைக்கு எல்லாவற்றின் கடைசியிலும் ‘கா’ போடுவார்களாம். அவ்வளவுதான், பிள்ளைகளுக்குச் சாவி கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து வருகைப் பதிவுக்கு "ப்ரெசன்ட்டுங்க" என்றார்கள். நாயைக்கூட "வாங்க" என்றார்கள். சண்டை போட்டுக்கொள்ளும்போதுகூட, நீங்க குரங்குங்க, நீங்கதானுங்க குரங்கு என்றுதான் போட்டுக்கொண்டார்கள். கோயமுத்தூரிலேயே இப்போது இவ்வளவு மரியாதை கிடையாது.

குழாய்க்குள் போவது நிற்கவில்லை. ஆனால் போகிற முறை மாறிற்று. "இன்னைக்கு ஏழாம் வாய்ப்பாடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள்.

6

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். பா வாவை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயது, ஒல்லி, கணக்கில் கெட்டி, ஜெனிதாவின் ஊறுகாய்க்கு அடிமை. இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு விஷயம் தவிர. அவள் அம்மாவிடமிருந்து இரண்டு வருடமாகச் சேதி இல்லை. அக்கரையில் கிராமம் எரிந்தபோது பா வா சித்தப்பாவோடு ஆற்றைத் தாண்டி வந்துவிட்டாள். அம்மா பின்னால் வருவதாகச் சொன்னாள். வரவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கு அடுத்த சோளக்காட்டில் ஒரு குண்டு விழுந்தது. இந்தப் பக்கத்தில். யாருக்கும் அடி இல்லை. தேவாலயத்துச் சன்னல் கண்ணாடி முழுக்க உதிர்ந்தது. அன்று சாயங்காலம் ஜெனிதா பெட்டி கட்டினாள். அவசரத்தில் ஜிப் மாட்டவில்லை. ரெபேக்கா வந்து ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தார்.

"போ ஜெனி. தப்பே இல்லை. எனக்குப் போக இடமிருந்தால் நானும் போவேன்."

இதை எனக்குப் போனில் சொன்னாள். "நாளைக்கு பஸ் ஏறறேன் ஹாரி" என்றாள். அத்தோடு தொடர்பு அறுந்தது. நாலைந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. டிவியில் அந்த எல்லையைக் காட்டினார்கள்: புகை, ஓடுகிற ஜனம். சூலூரில் அமிர்தராஜ் பட்டறையை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கோ உட்கார முடியவில்லை. என்ன செய்வேன்? எழுதினேன்.

‘பா வா ஆற்றங்கரையில் நின்றாள். மிதந்து வந்தது ஒரு சிவப்புப் பை. அம்மாவின் பை. அவள் அதைக் கையில் எடுத்து—’

அம்மாவைக் கொன்றுவிட்டேன், வாசகரே. எழுதிவிட்டு நானே அழுதேன். நல்ல வரிகள் என்றும் நினைத்துக்கொண்டேன். அனுப்பினேன்.

தொடர்பு வந்ததும் ஜெனிதா முதலில் படித்தது அதைத்தான். உடனே போன் செய்தாள்.

"ஏன்டி, உனக்குக் கொஞ்சமாச்சும் இது இருக்குதா? யாரக் கேட்டு அந்தப் பொம்பளையக் கொன்னுபோட்ட? இப்பத்தான் எனக்கு சோறு போட்டுட்டு, பாத்திரத்தக் கழுவிட்டு அந்தப் பக்கம் போறா!"

"யாரு?"

"பா வா அம்மாடி!"

7

அந்தச் சிவப்புப் பையை அழித்துவிட்டேன். நடந்தது இது.

மறுநாள் காலையில் ஜெனிதா பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, ஆறு நிறையத் தலைகள். டயர் ட்யூபில், மூங்கில் தெப்பத்தில், இடுப்பளவு தண்ணீரில் நடந்து. சட்டியைத் தலையில் வைத்தவர்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், பன்றிக்குட்டியைத் துண்டில் சுற்றிக் குழந்தை போல் தூக்கி வந்தவர்கள். மத்தியானத்துக்குள் பள்ளி மைதானம் நிரம்பிவிட்டது. ரெபேக்கா மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார். ஜெனிதா பெட்டியை வராந்தாவில் வைத்தாள். ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வர வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு குழந்தையை வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியின்மேல் பிறகு யாரோ ஒரு அம்மா தன் பிள்ளையை உட்கார வைத்துத் தலை துவட்டினாள்.

[தியாகம், அர்ப்பணிப்பு என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஜெனிதா அதற்கு எதிரே ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள்: "பஸ் போயிருச்சு."]

நாலைந்து நாளாகியும் ஜனம் வந்துகொண்டேயிருந்தது, பள்ளியில் இருந்த அரிசியும் தீர்ந்துவிட்டது. எல்லோருக்கும் பசி. பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் இஸ்மத் பாய் வண்டி நிறைய அரிசியும் துவரம் பருப்பும் கொண்டு வந்து இறக்கினார். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமாம். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை. "சோறு போடு" என்றார்.

அத்தனை பேருக்கு என்ன சமைப்பது? அரிசியும் பருப்பும் கையில் இருந்தால் கொங்குக்காரிக்கு அந்தக் கேள்வியே வராது. அரிசிம்பருப்பு சாதம். ஆனால் நாலு பேருக்குத்தான் அவளுக்கு அளவு தெரியும். ஊறுகாய் தீர்ந்த கவலையில் இருந்த பா வாதான் யோசனை சொன்னாள்: "தராமு, உங்க அம்மாவைக் கேளுங்க."

அன்றுதான் ஒரு மேட்டில் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. அடுப்பை அங்கேயே மூட்டினார்கள். வீடியோ கால் சூலூருக்குப் போயிற்று. சூசைமேரி எடுத்த எடுப்பிலேயே அழத் தொடங்கினார். "நீ உசுரோட இருக்கறயா கண்ணு! மொதல்ல கெளம்பி வா. இப்பவே வா."

"அம்மா, அழுகாதீங்க. ரெண்டு அண்டா அரிசிம்பருப்பு வெக்கோணும். தண்ணி எவ்வளவுங்க?"

அழுகை அப்படியே நின்றது.

"எந்த அரிசி?"

"இந்த ஊர் அரிசிங்க. கொஞ்சம் ஒட்டும்."

"அப்படீன்னா தண்ணிய கம்மி பண்ணு. பூண்ட தட்டிப் போடு, அரியாத. எங்க, அண்டாவக் காட்டு. ஐயோ, அடி புடிக்கப் போகுது, கிண்டு! யாரு அந்தப் புள்ள, கரண்டியத் தலகீழாப் புடிச்சுட்டு நிக்கறது?"

இப்படியாக, ஆயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் சூலூர்ச் சமையலறையில் நின்றுகொண்டு சூசைமேரி இரண்டு அண்டாவையும் இறக்கினார். வேலை முடிந்தும் அவர் போனை வைக்கவில்லை. ஜெனிதா அரிசி மூட்டையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பரிமாறப் போனாள். மூட்டை சரிந்தது. போன் தாழ்ந்து தரையைப் பார்த்தது. ஆகவே சூசைமேரிக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். சேறு பூசிய கால்கள், வரிசையாக.

கரண்டி பா வாவின் கையில் இருந்தது. தட்டு வரும், போடுவாள், தட்டு போகும். முகத்தைப் பார்க்க நேரமில்லை. ஒரு தட்டு வந்தது. போட்டாள். தட்டு நகரவில்லை. இன்னொரு கரண்டி போட்டாள். அப்போதும் நகரவில்லை. நிமிர்ந்தாள்.

அதற்கப்புறம் அவளுடைய கை மட்டும் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே போட்டாள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. தட்டு நிறைந்து, வழிந்து, அந்தப் பெண்ணின் பாதத்தில் சுடச்சுடச் சோறு விழுந்தது. அவளும் காலை நகர்த்தவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். மூட்டையடியிலிருந்து சூசைமேரியும் கத்தினார்: "சோறு கொட்டுது! ஏ புள்ள, கீழ பாரு! கால்ல கொட்டுது சாமி!"

பிறகு கரண்டி விழுந்தது. சூசைமேரியின் திரையில் சின்னக் கால் இரண்டும் சேற்றுக் கால் இரண்டும் நெருங்கி வந்து, சோற்றின்மேல் நின்றன. கத்திக்கொண்டிருந்த வரிசைக்கு அப்போதுதான் புரிந்தது. அப்புறம் பாருங்கள், ஒரு சத்தம் எழுந்ததாம். கை தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள், அழுதார்கள், ரெபேக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு கரென் பாட்டொன்றை எடுத்துவிட, மைதானமே பாடிற்று. அக்கரையில் குண்டு விழுந்துகொண்டேதான் இருந்தது. அதைவிட இது சத்தமாக இருந்தது என்கிறாள் ஜெனிதா.

போனை எடுத்துப் பார்த்தாள். சூசைமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பின்னால் அமிர்தராஜ், தறிச் சத்தமே இல்லாத வீட்டில், அடித்தொண்டையில், "அந்தப் புள்ளையோட அம்மாளா அது? அம்மாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துரு" என்று சூசைமேரி அதற்கப்புறம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

8

எல்லோருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் ஜெனிதா என்னை மன்னிக்க மாட்டாள். அந்த வரிசையின் கடைசி வரைக்கும் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று ஒரு பையன் தன் பங்குச் சோற்றைத் தொடவில்லை. பா வாவின் அம்மா அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து ஊட்டினார். அவர் ஊட்டினார், அவன் சாப்பிட்டான். இதற்குமேல் அதில் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. எழுதினால் மறுபடி ஏதாவது சிவப்புப் பை வந்துவிடும்.

சோளக்காட்டில் குண்டு விழுந்த குழியில் தண்ணீர் ஊறி நின்றது. கிறிஸ்துமஸ் நோம்பிக்கு அதில் பிள்ளைகள் வாத்து விட்டார்கள். மார்ச்சில் பரீட்சை நடந்தது. பா வா கணக்கில் இரண்டாவது. முதலாவது வராததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கினாள். திட்டு வாங்கியதை வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்.

9

இப்போது மே மாதம். ஜெனிதா சூலூரில் இருக்கிறாள். ஒரு வருடம் முடிந்துவிட்டது. பழைய பள்ளியில் அவளைத் துணைத் தலைமையாசிரியையாக வரச் சொல்கிறார்கள். ஆற்றங்கரையில் ரெபேக்கா ஜூனுக்கு அவளைக் கால அட்டவணையில் போட்டே விட்டார். இரண்டு பக்கத்துக்கும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. நான் மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

அ) போகிறாள். விமானம் மேலெழுகிறது. மேகம். [மேகத்தில் முடிகிற கதை எனக்கே பிடிக்காது.]

ஆ) போகவில்லை. சூலூர் வகுப்பில் பின்னம் நடத்தும்போது ஒரு கணம் சன்னல் பக்கம்— [இல்லை. இது சோகமாகப் போகிறது. அவளைக் கேட்டால், "ரெண்டு எடத்துலயும் புள்ளைங்கதான்டி" என்பாள்.]

இ)

மூன்றாவதை எழுத உட்கார்ந்து, வராமல், நேற்று நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஜெனிதா உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அமிர்தராஜ் எனக்கு மோர் கொடுத்தார். வாசலில் புல்லட் ஒன்று வந்து நின்றது. போலீஸ்காரர். அமிர்தராஜின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஏனுங்க, சூசைமேரிங்கறது யாருங்க?"

"என்ர சம்சாரந்தானுங்க. என்னங்க ஆச்சு?"

"பாஸ்போர்ட் வெரிபிகேசனுங்க."

"யாருக்குங்க?"

"அவங்களுக்குத்தானுங்க."

ஜெனிதா துண்டோடு வெளியே வந்தாள். அமிர்தராஜ் மனைவியைப் பார்த்தார். சூசைமேரி சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சேலையை மட்டும் சரி செய்துகொண்டார்.

"மேரி! எப்பப் போட்ட?"

"ஈஸ்டர் கழிச்சு. ஆன்லைன்ல. பக்கத்து ஊட்டு மேக்னாதான் போட்டுக் குடுத்துது."

"எதுக்கு?"

"அந்த அண்டாவ அவளுக அடி புடிக்க வெச்சுருவாளுக."

அமிர்தராஜ் சிரித்தார். அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஜெனிதா துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. போலீஸ்காரர் மட்டும் கடமையில் கண்ணாக இருந்தார். ஆதாரைப் பார்த்தார், பக்கத்து வீட்டு மேக்னாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், மோரை வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது, வேலைக்காகவோ சும்மா ஆசைக்காகவோ, ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வயசுல அவ்வளவு தூரம் போறீங்க. நல்லதுங்க. கூட யாருங்க வர்றாங்க?"

சூசைமேரி மாவு ஒட்டிய கையைத் தூக்கினார், ஒருவரைக் காட்ட. யாரைக் காட்டினார் என்று எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். ஆனால் போன தடவை இந்தக் கதையை நானாக முடித்ததில் ஒரு உயிரே போகப் பார்த்தது. இந்தத் தடவை அந்த வேலையை நீங்கள் பாருங்கள். வீட்டில் மகள் நிற்கிறாள், கணவர் நிற்கிறார், மேக்னா நிற்கிறாள், கையில் காலி மோர் டம்ளரோடு நானும் நிற்கிறேன்.